நானும் கணவரும் ஒரு வாரம் இங்கிலாந்தில் கார் எடுத்துச் சுற்ற நினைக்கிறோம். லண்டன் பார்த்தாயிற்று. கிராமங்களும் கடலோர ஊர்களும் பார்க்க எந்தப் பக்கம் போகலாம்?

தென்மேற்கு இங்கிலாந்தின் டார்செட் மாவட்டமும், அதை ஒட்டிய டெவனின் தெற்குக் கரையும். ஒரு வாரத்துக்கு இதுவே தாராளம். கார்ன்வால் போகாமல் வந்தால் போனதே வீண் என்று சிலர் சொல்வார்கள். லண்டனிலிருந்து கார்ன்வாலின் மேற்கிலுள்ள பென்சான்ஸ் ஊர் ஏறக்குறைய 450 கி.மீ. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு நாள் நெடுஞ்சாலையிலேயே தொலையும். அதை இன்னொரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இங்கேயே குடியிருப்பவர்கள். என் கணவர் ஓட்டுவார், வழி பார்ப்பது என் வேலை. அவருக்கு எல்லாமே மைல் கணக்கு. நான் புறப்படும் முன் பார்ப்பது கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்கிற அட்டவணை. இந்தக் கரையில் அந்த அட்டவணைதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். ஊர் பெயரோடு தேடினால் இணையத்தில் கிடைக்கும்.

முதலில் சாலை. இந்திய உரிமத்தோடு சுற்றுலா வருபவர்கள் 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம். நம்மைப் போலவே இடது பக்கம்தான். ரவுண்டானாவில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், இங்கே அதை உண்மையிலேயே செய்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்குங்கள். கார் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. காரணம் டெவனின் கிராமத்துச் சந்துகள். இரண்டு பக்கமும் ஆள் உயர மண்கரை, அதன்மேல் உயிர்வேலி, நடுவில் புல் முளைத்த தார். வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை இருந்தால் அந்த மாதிரிச் சாலையில் சட்டப்படி 60 மைல் வேகம் வரை போகலாம். அந்தப் பலகை ஒரு கார் மட்டுமே நுழையக்கூடிய சந்தின் வாயிலிலும் நின்றுகொண்டிருக்கும்! பாதி வேகத்தில் போனாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

எதிரே டிராக்டர் வந்தால், ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுக்க வேண்டும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. வழி விட்டவருக்குக் கையைத் தூக்கி நன்றி காட்டாமல் போனால்தான் கோபம் வரும். "நீ இறங்கி நின்னு பார்த்துச் சொல்லேன்" என்பார் இவர். "கதவைத் திறக்க இடம் எங்கேங்க இருக்கு?" என்பேன் நான். கணவன் மனைவிக்குள் வழக்கமான சண்டைக்குப் புதுத் தலைப்பு வேண்டுமென்றால் இந்தச் சந்துகள் கொடுக்கும். இன்னொன்று, பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். பார்க்கிங்குக்குக் கையில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

லண்டனிலிருந்து எம்3, எம்27, ஏ31 சாலைகள் வழியாக நியூ ஃபாரஸ்ட் என்கிற வனப்பகுதியைக் கடந்து போங்கள். அங்கே குதிரைகள் சாலையில் சாவகாசமாக நிற்கும். காட்டுக் குதிரை போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு. அங்கிருந்து கார்ஃப் காசில். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படை 1646-இல் கைப்பற்றி வெடிவைத்துத் தகர்த்த கோட்டை. சாய்ந்து நிற்கும் சுவர்கள் அப்படியே இருக்கின்றன.

பக்கத்தில் டைன்ஹம் என்று ஒரு கிராமம். என்னைக் கேட்டால், எல்லோரும் ஓடும் டர்டில் டோர் பாறை வளைவைவிட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். திரும்பி வருவோம், வீடுகளையும் தேவாலயத்தையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேவாலயக் கதவில் கடிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். போர் முடிந்தும் ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. இன்றும் ராணுவ நிலம்தான். தேவாலயமும் பள்ளிக்கூடமும் மட்டும் பராமரிக்கப்படுகின்றன, மற்ற வீடுகளுக்குக் கூரை இல்லை. வகுப்பறை பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்த இவர், காரில் ஏறும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கிச் சுடும் பயிற்சி நடக்கும் நாட்களில் வழியை அடைத்துவிடுவார்கள். பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும், ஆனாலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

டர்டில் டோர், கடல் குடைந்த சுண்ணாம்புக்கல் வளைவு. எல்லோரும் எடுக்கும் படத்தை நீங்களும் எடுங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்குவது சுலபம், ஏறுவதுதான் மூச்சு வாங்கும்.

வேமத்திலிருந்து பிரிட்போர்ட் போகும் பி3157 சாலையில் பக்கத்து இருக்கைக்காரருக்குத்தான் யோகம். அப்பட்ஸ்பரிக்கு மேலே ஏறியதும் செசில் கடற்கரை கீழே நீண்டு கிடக்கும். 29 கி.மீ. நீளமான கூழாங்கல் மேடு. வெஸ்ட் பே பக்கம் பட்டாணி அளவில் இருக்கும் கல், போர்ட்லண்ட் பக்கம் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போகும். பனிமூட்டத்தில் கரையேறும் மீனவர்கள் கல்லின் அளவை வைத்தே எந்த இடம் என்று சொல்லிவிடுவார்களாம்.

அடுத்து லைம் ரீஜிஸ். இங்கே குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். 1799-இல் இந்த ஊரில் ஒரு தச்சருக்குப் பிறந்த மேரி ஆனிங், கரையில் புதைபடிவங்களைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர். பன்னிரண்டு வயதுவாக்கில் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசர் என்கிற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புகளைக் கண்டெடுத்தார். 1823-இல் அவர் கண்டுபிடித்த பிளீசியோசர் என்கிற இன்னொரு கடல் ஊர்வனவின் எலும்புக்கூடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண் என்பதால் நிலவியல் சங்கத்தில் இடமில்லை. அவரிடம் வாங்கிய கனவான்கள் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். ஊரில் அவருக்குச் சிலை வைத்ததே 2022-இல்தான்.

லைமிலும் பக்கத்திலுள்ள சார்மத்திலும் நீங்களும் தேடலாம். கரையில் கிடப்பதைப் பொறுக்கலாம், பாறைச்சரிவைக் குடையக்கூடாது. மண் சரிந்துகொண்டே இருக்கும், அடியில் உட்காரவே கூடாது. இங்கேதான் அட்டவணை வேலைக்கு ஆகும். கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் சரிவுக்கும் அலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். எனக்குச் சுருள் சுருளாக ஒரு சின்ன அம்மோனைட், அதாவது பழங்காலக் கடலுயிரின் ஓடு, கிடைத்தது. இவர் ஜேப் நிறையப் பொறுக்கியது எல்லாம் வெறும் கல்.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று. பப்களில் சமையலறை பெரும்பாலும் மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலை ஆறுக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்குப் பசித்தால் சிப்ஸ் பாக்கெட்தான் கதி. சைவமென்றால் மீன் கடையில் உருளைக்கிழங்கு வறுவலை எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். சில கடைகளில் மாட்டுக் கொழுப்பு. வாங்கியதைக் கடற்கரையில் திறந்தால் கடற்காகங்கள் கையிலிருந்தே பிடுங்கும். ஸ்கோன் என்கிற சின்ன ரொட்டியில் டெவன்காரர்கள் முதலில் க்ரீம், மேலே ஜாம். கார்ன்வாலில் தலைகீழ். இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதில்லை. எனக்கு டெவன் முறைதான் சரி, க்ரீம் தாராளமாக விழும்.

டெவனில் ஒரே ஒரு இடம் சொல்லவேண்டுமென்றால் பிக்பரி. எதிரே பர்க் தீவு. கடல் வற்றினால் மணலில் நடந்தே போகலாம். ஏறினால் உயரமான கால்களில் மேடை வைத்த டிராக்டர் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே ஓடும். அங்கே போக ஆவ்டன் கிஃபர்டிலிருந்து ஆற்றோரமாக ஒரு குறுக்குச் சாலை உண்டு. ஏற்றத்தின்போது அந்தச் சாலையே மூழ்கிவிடும். ஜிபிஎஸ் அந்த வழியைக் காட்டினாலும் நேரம் பார்க்காமல் காரை இறக்காதீர்கள். கடல்நீரில் நனைந்த வாடகைக் காருக்கு விளக்கம் சொல்ல எந்தப் படிவத்திலும் இடமிருக்காது.

ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்கப் பள்ளி விடுமுறை. அறை வாடகை ஏறும், கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஜூனில் வந்தால் இரவு ஒன்பதைத் தாண்டியும் வெளிச்சம். பள்ளி திறந்த செப்டம்பரில் கூட்டம் குறையும், கடலும் அவ்வளவாகக் குளிராது. திரும்பும்போது ஏ303 வழியாக வாருங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் சாலையிலிருந்தே தெரியும். எல்லோரும் அதைப் பார்க்க வேகத்தைக் குறைப்பதால் அங்கே எப்போதும் நெரிசல். நகராத காரில் உட்கார்ந்தே நீங்களும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.