கட்டை வைத்தால் போதுமா, முழு செட் மாற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2017 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் தோப்புக்குப் போய்வரவும், வாரம் இரண்டு நடை தேங்காய் ஏற்றவும் அதுதான். மழை பெய்தால் வண்டித்தடத்தில் அடி தட்டுகிறது. ஒரு கடையில் ஸ்பேசர் வைத்து அரை நாளில் இரண்டு இன்ச் ஏற்றித் தருகிறோம் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஸ்பிரிங், ஷாக், பட்டை (பின்பக்க லீஃப் ஸ்பிரிங்) எல்லாம் மாற்றச் சொல்லிப் பல மடங்கு விலை கேட்கிறார்கள். எதைச் செய்யலாம்?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, எங்கே சேறு வழித்திருக்கிறது என்று பாருங்கள். பின் ஆக்சில் நடுவில் இருக்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டையில் என்றால், நீங்கள் கேட்ட இரண்டுமே உதவாது. வண்டியை உயர்த்தும் எந்த வேலையும், அதாவது லிஃப்ட்டும், ஆக்சிலுக்கு மேலே இருப்பதைத்தான் தூக்கும். ஆக்சிலை உயர்த்துவது டயர் மட்டுமே. விட்டம் 30 மி.மீ. கூடிய டயர் போட்டால் 15 மி.மீ. ஏறும், அவ்வளவுதான்.

படியோ, முன் பம்பரோ, சேசியோ தட்டுகிறது என்றால் லிஃப்ட் பற்றிப் பேசலாம். ஸ்பேசர் என்பது முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி) தலையில் ஒரு தட்டு, பின்பக்கம் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஒரு கட்டை. வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங்கும் ஷாக்கும் பழையவைதான். ஏழெட்டு வருஷம் சுமை தாங்கித் தளர்ந்த பட்டைக்கு அடியில் கட்டை வைப்பது, முதுகு வளைந்தவருக்கு உயரமான செருப்பு வாங்கித் தருவது மாதிரி.

நானும் அதைச் செய்தவன்தான். என் பழைய பிக்கப்பில் முன்னால் ஒன்றரை இன்ச் தட்டு வைத்தேன். ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் ஒரு இன்ச் தட்டுக்கே வண்டி கிட்டத்தட்ட இரண்டு இன்ச் ஏறும் என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்று இன்ச் ஏறிவிட்டது. பார்க்கப் பிரமாதம்! ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். மேல் ஆர்ம் அதன் எல்லையில் போய் முட்டும் சத்தம் அது. சில மாதத்தில் ஆக்சில் பூட் (முன் ஆக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்து, வீல் உள்பக்கமெல்லாம் கிரீஸ். ஆக்சிலின் சாய்வு அதிகமானால் அந்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும்?

உங்கள் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தேங்காய் ஏற்றிய பிறகு மறுபடி அளவெடுங்கள். சுமையோடு பின்பக்கம் பட்டை நேராகிப் போய் ரப்பர் ஸ்டாப்பரில் உட்காருகிறதென்றால் ஸ்பேசர் பேச்சே வேண்டாம். நீங்கள் வழக்கமாக ஏற்றும் எடைக்குத் தகுந்த பட்டை செட்டும் நீளமான ஷாக்கும் தேவை. "எத்தனை கிலோ ஏற்றுவீர்கள்?" என்று கேட்காமல் கிட் விற்கிற கடைக்கு நான் போகமாட்டேன். பணம் ஒரே தடவையில் புரளாவிட்டால் பின்பக்கத்தை முதலில் முடியுங்கள். முன்னால் ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்தால், ஒரு இன்ச்சுக்கு மிகாத தட்டு தற்காலிகமாக ஓடட்டும். பின்னால் கட்டை மேல் கட்டை அடுக்குவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: ஆர்.டி.ஓ. பிரச்சினை வருமா?
– அதே வாசகர்

பதில்: வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. தளர்ந்த பட்டையை மாற்றிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. அதற்கு மேல் ஏற்றுவது வேறு கதை. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் சரிபார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் வெளிச்சம் அடிக்கும். பிரேக் ஹோஸ் விறைப்பாக இழுபடுகிறதா என்று நீங்களே ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு-போல்ட்டைப் புதிதாகப் போடச் சொல்லி, 500 கி.மீ. ஓடியதும் போய் மறுபடி முறுக்கிக்கொள்ளுங்கள்.