பொம்மை நிறுவனத்துக்கு என் மகள் கடிதம் எழுதலாமா?

கேள்வி: நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள், தாயத்தைப் போன்ற ஒரு பலகை விளையாட்டைத் தானே வரைந்து, அதை வெளிநாட்டுப் பொம்மை நிறுவனம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அனுப்பினால் யாராவது படிப்பார்களா? யோசனையைத் திருடிவிடுவார்கள் என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக அனுப்பலாம். ஆனால், "இது என் யோசனை, நீங்கள் செய்து விற்கலாம்" என்று வெளியாரிடமிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் பொதுவாகப் பரிசீலிப்பதில்லை. அதே போன்ற ஒன்றை அவர்கள் ஏற்கெனவே தயாரித்துக்கொண்டிருந்தால், "என்னுடையதை எடுத்துக்கொண்டார்கள்" என்று பின்னாளில் வழக்கு வந்துவிடுமே என்ற அச்சம்தான் காரணம். உங்கள் கணவர் அவர்களைக் கண்டு பயப்படுகிறார். அவர்கள் உங்கள் கணவரைப் போன்றவர்களைக் கண்டு பயப்படுகிறார்கள். பிளாஸ்டிக் கட்டைகளை இணைத்து விளையாடும் பொம்மைகளைச் செய்யும் லெகோ நிறுவனமோ 'லெகோ ஐடியாஸ்' என்று தனி வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே 10,000 பேரின் ஆதரவைப் பெற்ற வடிவமைப்பு ஆய்வுக்குப் போகும். ஆனால் உறுப்பினராவதற்கே 13 வயது நிறைந்திருக்க வேண்டும்.

யோசனையை விற்க முயலாமல், விளையாடும் பிள்ளை என்ற முறையில் ஒரு கேள்வியை எழுதும் குழந்தைகளுக்குத்தான் பெரும்பாலும் பதில் கிடைக்கிறது என்பது என் எண்ணம். 2019-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பச்சை நிறப் பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மைகளில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டுப் பொம்மை நிறுவனங்களுக்கு எழுதினாள். தோழியின் அம்மா ராணுவத்தில் இருப்பதை அவள் சுட்டிக்காட்டியிருந்தாள். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் பிஎம்சி டாய்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தும் ஜெஃப் இமெல் அதைப் பொருட்படுத்தினார். புதிய உருவங்களை வார்ப்பதற்கு வேண்டிய அச்சுகள் செலவு மிக்கவை என்பதால் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் வழியாக மக்களிடம் நிதி திரட்டினார். 2020-இல் பெண் சிப்பாய் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. பெரிய நிறுவனத்தில் இத்தகைய முடிவு பல மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கும். இங்கே கடிதத்தைப் படித்தவரே முதலாளியாகவும் இருந்தார்.

பெரிய நிறுவனங்களும் பதில் எழுதுவதுண்டு, சில வேளை வேடிக்கையாகவே. தொப்பி உண்டா, கண்ணாடி உண்டா என்று அடையாளங்களைக் கேட்டு எதிராளியிடம் உள்ள முகத்தைக் கண்டுபிடிக்கும் 'கெஸ் ஹூ' என்ற விளையாட்டில் 24 முகங்களுள் ஐந்து மட்டுமே பெண்முகங்களாக இருப்பதேன் என்று அயர்லாந்துச் சிறுமி ஒருத்தி 2012-இல் ஹாஸ்ப்ரோவைக் கேட்டாள். எந்த அடையாளத்தை எடுத்தாலும் அது ஐந்து முகங்களில் இருக்கும்படி அமைத்திருப்பதாக விளக்கம் வந்தது. பெண்ணாக இருப்பது தொப்பி, கண்ணாடியைப் போல ஓர் அடையாளம் என்றால், ஆணாக இருப்பது மட்டும் ஏன் அப்படி இல்லை என்று அவளுடைய தாய் திருப்பிக் கேட்டார்.

கேள்வி: அப்படியானால் குழந்தையின் யோசனைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லையா?
– ஒரு வாசகர், தென்காசி

பதில்: விளையாட்டின் விதிமுறைக்கு நம் நாட்டில் காப்புரிமை கிடையாது, காப்புரிமைச் சட்டத்தின் 3(எம்) பிரிவு அதை வெளிப்படையாகவே விலக்குகிறது. வரைந்த படத்துக்கோ, வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உண்டு. பொம்மையின் தோற்றத்தை 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளுக்கும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளுக்கும் பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் ஊருக்கெல்லாம் காட்டிய பிறகு பதிவு செய்யப் போனால் புதுமை இல்லை என்று மறுத்துவிடுவார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளையின் பலகை விளையாட்டுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை என்றே சொல்வேன்.

ஈரோடு வாசகிக்கு ஒரு வார்த்தை: கடிதத்தைப் பெற்றோர் பெயரில், பெற்றோர் முகவரியுடன் அனுப்புங்கள், பள்ளியின் பெயர் வேண்டாம். எழுத்துப் பிழைகளைத் திருத்த வேண்டாம். அவள் வரைந்த மூலப் பலகையை வீட்டில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் அனுப்புங்கள், ஏனெனில் அனுப்பியது திரும்பி வராது.