ஆமை முட்டைப் படத்தை எப்போது போடலாம்?

வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட்ட குழியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள், விடிவதற்குள் யாரோ தோண்டி எடுத்துப் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஒரு குழியில் 100 முட்டைக்கு மேல்கூட இருக்குமே!

படம் போடுவதை நிறுத்தாதீர்கள்; நேரத்தை மாற்றுங்கள். முதலில் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். முட்டைகள் பொரிப்பகம் போய்ச் சேர்ந்த பிறகே படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இருப்பிடக் குறிப்பு நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். அதைவிட ஆபத்து, மூலையில் தெரியும் படகு எண்ணும் கலங்கரை விளக்கமும். உள்ளூர்க்காரருக்கு அதுவே போதும். மணலில் பதிந்த ஆமையின் துடுப்புக்கால் தடம் மட்டும் தெரியும்படி குனிந்து எடுங்கள்.

இரவு ரோந்துக்கு ஐந்தாறு பேர் மட்டும் உள்ள தனிக் குழு தொடங்குங்கள். மீனவ அண்ணன்மார் இருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். விடியும் முன் கரையில் நிற்பவர்கள் அவர்கள்தான். பெரிய குழுவுக்கு, முட்டையிட்ட 45 முதல் 60 நாளில் பொரிந்து குஞ்சுகள் கடலில் இறங்கும் காணொளியைப் போடுங்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் ரோந்துக்கு வரத் தொடங்கினார்கள்.