ஜெபத்தில் வரும் அண்ணன் முகம்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம்.

‘எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள், அதினிடத்தினின்று ஜீவஊற்று புறப்படும்’ என்ற நீதிமொழிகள் 4:23 பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு அதில்தான் சிக்கல்.

எனக்கு 41 வயது. சபையில் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன், பாடகர் குழுவிலும் இருக்கிறேன். குடி, புகை எதுவும் கிடையாது. அம்மா முன்பே தவறிவிட்டார். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். நானும் அண்ணனும் நிலத்தைப் பாகம் பிரித்துக்கொண்டோம். அக்காவுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டதால் அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். கிணறும் பம்புசெட்டும் இருக்கிற துண்டை அண்ணன் எடுத்துக்கொண்டு, உள்ளே தள்ளி இருப்பதை என் தலையில் கட்டிவிட்டார். தண்ணீர் இரண்டு பேருக்கும் பொது என்று வாயால் சொன்னார், பத்திரத்தில் எழுதவில்லை. இப்போது ஒரு சொட்டு விட மாட்டேன் என்கிறார். பேச்சுவார்த்தையே இல்லை.

அதையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால் போதும், அண்ணன் முகம் வந்து நிற்கிறது. அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறேன். பத்து நிமிடம் கழித்துத்தான் நான் ஜெபிக்கவே இல்லை என்று தெரிகிறது. இந்த நினைவு வருவதே பாவமா? ஊரை விட்டுத் தூத்துக்குடியிலேயே வீடு பார்த்துவிட்டால் மனம் அடங்குமா? இந்த மனசோடு எடுக்கக் கூடாது என்று கொஞ்ச நாளாக நற்கருணை எடுக்காமல் இருக்கிறேன். நான் செய்வது சரியா?

பெயர் வேண்டாம் ஐயா. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

— ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

*

அன்பான தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கிணறு அல்ல, முழங்கால் போட்டதும் அண்ணன் முகம் வருகிறது என்று எழுதினீர்களே, அந்த வரிதான். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி ஏறக்குறைய 1,600 வருடங்களுக்கு முன் இதையே எழுதி வைத்திருக்கிறார். கோபம் நாள்பட மனதை முரடாக்கும்; ஜெப நேரத்தில்தான் அது மனதைக் குறிவைத்துப் பிடிக்கும்; நம்மை நோகடித்தவருடைய முகத்தைக் கண்முன்னே கொண்டுவந்து நிறுத்தும் என்கிறார். ஆகவே உங்களுக்கு வந்திருப்பது உங்களுக்கு மட்டும் வந்த விசித்திரமான நோய் இல்லை. ஜெபத்தையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போனவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

எவாகிரியுஸ் சும்மா உட்கார்ந்து எழுதியவரும் இல்லை. கான்ஸ்டாண்டிநோபிளில் பேர்பெற்ற உதவிக்குருவாக இருந்தவர், ஒரு பெரிய அதிகாரியின் மனைவிமேல் மனம் போனதால் அந்த ஊரை விட்டு எருசலேமுக்கு வந்தார், அங்கே நோயில் விழுந்தார், கடைசியில் எகிப்துக்குப் போய் 399-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய போதனைகளில் சிலவற்றைச் சபை பின்னாளில் தள்ளியது உண்மை. மனதுக்குள் நடப்பதை அவர் கவனித்து எழுதியது மட்டும் இன்றுவரை நின்றிருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு அவரிடம் நேரான பதில் இருக்கிறது. நினைவுகள் வந்து நம்மைத் தொந்தரவு செய்வதும் செய்யாமல் இருப்பதும் நம் கையில் இல்லை. அவை தங்குவதும் தங்காமல் போவதும், உணர்ச்சியைக் கிளப்புவதும் கிளப்பாமல் இருப்பதும் நம் கையில் இருக்கிறது. இதே கேள்வியோடு ஒரு சகோதரன் போய்மென் என்ற மூத்த துறவியிடம் போனான். அவர் அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, உன் அங்கியை விரித்துக் காற்றைப் பிடி என்றார். முடியாது என்றான். இதுவே முடியாதென்றால் நினைவு வருவதையும் உன்னால் தடுக்க முடியாது, அதை எதிர்த்து நிற்பதுதான் உன் வேலை என்று சொல்லி அனுப்பினார்.

வேதத்திலேயே பாருங்கள். காயீனுக்கு எரிச்சல் வந்து முகநாடி வேறுபட்டபோது அவன் இன்னும் தம்பிமேல் கை வைக்கவில்லை. கர்த்தர் அப்போதே அவனோடு பேசுகிறார். ‘நீ நன்மைசெய்யாதிருந்தால் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்’ என்கிறார். வாசற்படியில் படுத்திருக்கிறது, இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. அந்தச் சமயத்தில் தேவன் அவனைத் தள்ளவில்லை, கேள்வி கேட்கிறார்: உனக்கு ஏன் எரிச்சல்? காயீன் அதற்குப் பதில் சொன்னதாக வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த வசனத்தில் அவன் தம்பியோடு பேசுகிறான், வயலில் இருக்கிறான், கொலை நடக்கிறது. தேவன் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அவன் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

ஆகையால், அண்ணன் முகம் வருவது பாவம் இல்லை தம்பி. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பத்து நிமிடம் என்று எழுதினீர்களே, காவல் அங்கேதான் வேண்டும். முகம் வந்தது. நீங்கள் அதற்கு நாற்காலி போட்டு உட்காரவைத்து, அன்றைக்குப் பத்திர ஆபீசில் அவர் சொன்னதைத் திரும்பச் சொல்ல வைத்து, நீங்கள் சொல்லாமல் விட்டதை எல்லாம் இப்போது சொல்லி, அவர் வாயடைத்து நிற்பதைப் பார்த்து ஒரு திருப்தியும் அடைந்துவிடுகிறீர்கள். அந்தத் திருப்தியைக் கவனியுங்கள். கசப்புக்கு ஒரு ருசி உண்டு, அதற்காகத்தான் மனம் திரும்பத் திரும்ப அங்கே போகிறது.

ஊரை விட்டுப் போகலாமா என்று கேட்டீர்கள். வேலைக்காகப் போனால் போங்கள். அண்ணன்மேல் உள்ள கோபம் தணியும் என்று போக வேண்டாம். எவாகிரியுஸ் வழியில் வந்த காசியான் என்ற துறவி ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். ஆள் அரவமே இல்லாத பாலைவனத்தில் இருந்தபோது, நாணல் பேனா தனக்குப் பிடித்த பருமனில் இல்லை என்று அதன்மேல் கோபம் வந்ததாம். வெட்டுகிற கத்தி மழுங்கி இருக்கிறது என்று கத்திமேல் கோபம். அவசரமாக வாசிக்க உட்காரும்போது சிக்கிமுக்கிக் கல்லில் சட்டென்று தீப்பொறி வரவில்லை என்று கல்மேல் கோபம். சண்டை போட ஆள் இல்லாவிட்டால் கோபம் ஒழிந்துவிடும் என்பது பொய் என்று அவர் அங்கே கற்றுக்கொண்டார். நீங்கள் தூத்துக்குடிக்குப் போனால் அண்ணன் ஊரில் இருப்பார், அண்ணன் முகம் உங்களோடு பஸ் ஏறி வரும்.

அப்படியானால் முகம் வரும்போது என்னதான் செய்வது? நம் ஆட்கள் பலர் மனதைக் காலி செய்யப் பார்க்கிறார்கள். ‘நினைக்காதே, நினைக்காதே’ என்று சொல்லிக்கொண்டே நினைப்பார்கள். வெறுமையாகப் பெருக்கி வைத்த வீட்டுக்கு அசுத்த ஆவி தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்ததை மத்தேயு 12-இல் இயேசுவே சொல்லியிருக்கிறார். இருதயத்தில் நல்லது குடியிருக்க வேண்டும். எவாகிரியுஸ் இதற்காக ஏறக்குறைய ஐந்நூறு வேத வசனங்களைத் திரட்டினார். இன்ன நினைவு வந்தால் இன்ன வசனத்தால் அதற்குப் பதில் சொல் என்று வகைவகையாக அடுக்கி வைத்தார். வனாந்தரத்தில் இயேசு உபாகமத்து வசனங்களால் பிசாசுக்குப் பதில் சொன்னாரே, அதே வழி.

உங்களுக்கு ஐந்நூறு வேண்டாம். ஆதியாகமம் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஈசாக்கின் வேலைக்காரர் கிணறு வெட்டுகிறார்கள். கேராரூர் மேய்ப்பர், தண்ணீர் எங்களுடையது என்று வாக்குவாதம் செய்கிறார்கள். இன்னொன்று வெட்டினார்கள், அதற்கும் சண்டை. ஈசாக்கு அந்த இடத்தை விட்டுப் பெயர்ந்து மூன்றாவது கிணறு வெட்டினான், அதற்கு ரெகொபோத் என்று பேரிட்டான். கர்த்தர் நமக்கு இடம் உண்டாக்கினார் என்றான். ‘தண்ணியைத் தர மாட்டேங்கிறான்’ என்று மனசு தொடங்கும்போது இந்தப் பகுதியைச் சத்தமாக வாசியுங்கள். அதற்கும் நேரமில்லாத சமயத்தில், வரப்பில் எதிரே அண்ணன் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் போதும்: ‘தேவனே, என்னை விடுவியும், கர்த்தரே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்.’ எந்த நினைவுக்கும் எந்த நேரத்துக்கும் இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொள் என்பது பாலைவனத்து மூத்தவர்கள் சொன்னதாகக் காசியான் எழுதி வைத்த ஆலோசனை. ஒரே நாளில் மாறிவிடாது. சில மாதம் சொல்லிப் பாருங்கள், பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறையும். ஆவிக்குரிய வளர்ச்சி பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது; வெளியே யாருக்கும் தெரியாது.

ஈசாக்கைச் சொன்னதால் தண்ணீரைக் கேட்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பதும் நியாயம் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. அண்ணன் உங்களுக்குச் செய்தது குற்றம் என்றால், மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் நீங்களும் அவரும் தனித்திருக்கையில் பேசுங்கள், பிறகு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வாரம் எத்தனை மணி நேரம் பாசனம் என்று முடிவானால் இந்தத் தடவை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று இருக்கிறது. சொல்லக் கூடாது என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் விட்டால் உங்கள் கேள்விக்கு நான் பதில் சொன்னதாகாது.

கிணற்றைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். அக்காவைப் பற்றி ஒரே வரி. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டாள். தம்பி, நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பெற்றவர் உயிரோடு இருக்கும்போது மகளுக்குச் செய்ததை, கல்யாணத்தில் போட்ட நகை உட்பட, அந்தப் பங்கிலிருந்து கழிக்க அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அம்மாவும் இல்லாததால் அந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுடையது. அவர் மனதாரக் கொடுத்திருக்கலாம். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்து நின்றதும் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கவும் கூடும். பத்திரம் செல்லும், யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அண்ணன் உங்களுக்குச் செய்ததாக நீங்கள் நினைப்பதை, அவரும் நீங்களுமாகச் சேர்ந்து அக்காவுக்குச் செய்திருக்கிறீர்களோ என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. ‘எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது’ என்று எரேமியா சொன்னதற்கு இதைவிட அருகில் ஒரு சாட்சி எனக்குத் தெரியவில்லை. பிறர் நமக்குச் செய்த அநியாயத்தை இருதயம் சென்ட் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். நாம் செய்ததை அரை வரியில் கடந்துவிடும்.

லூக்கா 12-இல் கூட்டத்திலிருந்து ஒருவன் இயேசுவிடம், ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும் என்று கேட்கிறான். அவன் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். இயேசு அந்த வழக்கையே எடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று அண்ணனையும் தம்பியையும் சேர்த்தே சொல்லிவிட்டார். உங்கள் இருதயத்துக்கு நான் வைக்கச் சொல்லும் முதல் காவல் இதுதான். இரவு படுக்கும்முன் 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லுங்கள்: ‘தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்.’ அண்ணனுடைய இருதயத்தை ஆராயும் என்று அங்கே எழுதியில்லை.

நற்கருணை. விலகி இருப்பது பயபக்தியால் என்று எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஆனால் பவுல் சொன்னது, எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்று. சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள் என்று அவர் சொல்லவில்லை. மலைப்பிரசங்கத்தில், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் சகோதரனோடே ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்து என்கிறார் ஆண்டவர். நீங்கள் வைத்துவிட்டு வந்தீர்கள், சரி. அப்புறம் எங்கேயும் போகவில்லையே? அந்த வசனம் பேசுவது உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்பதையும் பாருங்கள். நம்மேல் குறை உள்ளவரைத் தேடி நாம் போக வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் நீங்கள் முதலில் போக வேண்டிய வீடு அண்ணன் வீடு இல்லை.

அக்கா வீட்டுக்குப் போங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்ய வேண்டாம். அந்தக் கையெழுத்தை மனதாரப் போட்டாயா என்று கேளுங்கள். அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள், இடையில் நகைப் பேச்சை எடுக்காதீர்கள். உங்கள் பங்கிலிருந்து என்ன செய்ய முடியும் என்பதை அதன் பிறகு நீங்களும் மனைவியும் ஜெபத்தோடு முடிவு செய்யுங்கள்.

அண்ணனுக்கு எவாகிரியுஸ் ஒரு வழி சொல்கிறார். வன்மத்தை வெகுமதி அணைக்கும், நானூறு பேரோடு எதிர்த்து வந்த ஏசாவை யாக்கோபு அப்படித்தான் தணித்தான், நம்மைப் போன்ற ஏழைகள் அதைப் பந்தியால் நிறைவேற்றுவோம் என்கிறார். உங்கள் சபையிலும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் வைப்பார்கள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அண்ணனைத் தள்ளி வேறு வரிசையில் போய் உட்காராமல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். கிணற்றைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவர் எழுந்து போனாலும் போகட்டும், நீங்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

நற்கருணைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அக்காவைப் பார்த்துவிட்டு வந்ததும் உங்கள் குருவானவரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறே எடுங்கள்.

உங்கள் மூன்று பேருக்காகவும் ஜெபிக்கிறேன். அக்கா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.