விமானத் தூரமும் பயண நேரமும்: நெல்லைச் சீமைக்காரங்க கேள்வி பதில்

கடையநல்லூர்: அண்ணாச்சி, திருவனந்தபுரத்துல 4:30-க்கு ஏறினா துபாய்ல 7:00-க்கு எறங்கலாம்னு டிக்கெட்ல இருக்கு. ரெண்டரை மணி நேரந்தானா?

இல்ல தம்பி, நாலு மணி நேரம். டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி பிந்தி. போகும்போது அதைக் கூட்டணும், வரும்போது கழிக்கணும்.

அம்பை: தூரம் தெரிஞ்சா நேரத்தை நாமளே கணக்குப் போடலாமா?

தாராளமா. கிலோமீட்டரை 850-ஆல் (ஜெட் விமானம் மணிக்குப் போகும் கி.மீ.) வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டுங்க. திருவனந்தபுரம்–துபாய் சுமார் 2,950 கி.மீ.; நாலு மணி சரியா வரும். சென்னை–லண்டன் 8,230 கி.மீ.; கணக்குக்குப் பத்தேகால் மணி, மேற்கே போகும்போது எதிர்காற்றில் இன்னும் கூடும். பலர் சறுக்குவது அலகில்தான். விமானக்காரங்க சொல்லும் கடல் மைல் 1.852 கி.மீ.; சாதா மைல் 1.609.

தென்காசி: ஆடிக் காத்து இந்தப் போடு போடுதே, கல்ஃப் விமானம் லேட்டாகாதா?

செங்கோட்டைக் கணவாய் வழியா வருவது தரையோடு வீசும் மேற்குக் காத்து. அண்ணாந்து பார்த்தா கதையே வேற. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, சுமார் 15 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று ஓடும். விமானம் பறப்பது 10–12 கி.மீ.யில், அதன் கீழ் விளிம்பு பட்டாலும் மேற்கே போறவங்களுக்குக் கொஞ்சம் லாபந்தான்.

குளிர்காலத்தில் வடஇந்தியா பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் காற்று மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். வெறும் தூரத்தை வச்சு நேரம் சொல்ல முடியாது என்பதற்கு டெல்லி–சான் பிரான்சிஸ்கோவே போதும். ஏர் இந்தியா 2016 அக்டோபரில் அட்லாண்டிக் வழியை விட்டுட்டு, கிழக்கே பசிபிக் வழியாப் போனது. பறந்த தூரம் 13,900-லிருந்து 15,300 கி.மீ. ஆச்சு. நேரமோ ஏறக்குறைய ரெண்டு மணி குறைஞ்சு, பதினாலரை மணியில் தரையிறங்கியது. முதுகில் காற்று தள்ளினால் சுத்துவழியும் குறுக்குவழிதான்.

வள்ளியூர்: லண்டனுக்கும் நமக்கும் கடிகார வித்தியாசம் நாலரை மணியா, அஞ்சரையா?

ரெண்டும் சரி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை, மற்ற மாசங்களில் அஞ்சரை.

பாளையங்கோட்டை: வாகைக்குளத்துல (தூத்துக்குடி விமான நிலையம்) இருந்து சென்னை போயி, அங்க லண்டன் விமானம் பிடிக்கணும். உங்க 850 கணக்கு ஒத்து வருமா?

ஏடிஆர் விமானம்னா வராது. அது விசிறி வச்சது, மணிக்கு 500 கி.மீ. அளவில்தான் போகும். நேர்த்தூரம் சுமார் 530 கி.மீ.தான்; ஆனாலும் ஒன்றரை மணி வச்சுக்கோங்க. ரெண்டும் ஒரே டிக்கெட்டா எடுங்க. தனித்தனியா எடுத்தா சென்னையில் பெட்டியை வாங்கி மறுபடி போடணும். முதல் விமானம் பிந்தினால் ரெண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. தனி டிக்கெட்தான்னா நடுவில் அஞ்சு மணி நேரமாவது விடுங்க.