பாதிப் பங்கு எச்1பி நண்பருக்கு: எஸ்.பி.ஐ.ஆர். கிடைக்குமா?

வணக்கம். ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டுத்துணிக்கு எஸ்.பி.ஐ.ஆர். (சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசு தரும்) நிதி கேட்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் கிரீன் கார்டு, நண்பர் எச்1பி (தற்காலிக வேலை விசா), நிறுவனத்தில் பங்கு பாதிக்குப் பாதி. சிக்கலே அங்குதான். நிறுவனத்தில் பாதிக்கு மேல் அமெரிக்கக் குடிமக்கள் அல்லது கிரீன் கார்டு உள்ளவர்கள் கையில் இருக்க வேண்டும். சரிபாதி போதாது. நிதி வழங்கும் நாளில் இந்தத் தகுதி இருந்தாக வேண்டும் என்பதால், இப்போதே நண்பரிடம் மனம்விட்டுப் பேசி உங்களுக்கு 51, அவருக்கு 49 என்று மாற்றிவிடுங்கள். தள்ளிப்போட்டால் நட்பும் சேர்ந்து அடிபடும்.

அப்புறம், நீங்கள் முழுநேரப் பல்கலைக்கழக ஊழியர். எஸ்.பி.ஐ.ஆரில் முதன்மை ஆய்வாளரின் முக்கிய வேலை அந்த நிறுவனத்தில்தான் இருக்க வேண்டும். வேலையை விட மனமில்லை என்றால் சிறு நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கான எஸ்.டி.டி.ஆர். நிதியைப் பாருங்கள். என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பு) அதில் பல்கலைக்கழக ஆய்வாளரையே முதன்மை ஆய்வாளராக ஏற்கிறது. ஆய்வு வேலையில் குறைந்தது 40% நிறுவனமும் 30% பல்கலைக்கழகமும் செய்ய வேண்டும்.

ராணுவமா, என்.ஐ.எச்.சா? பாதுகாப்புத் துறை பெரும்பாலும் தனக்குத் தேவையான தலைப்புகளைத் தானே அறிவிக்கும். உங்கள் துணி அதில் பொருந்தினால், விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே தலைப்பை எழுதியவரிடம் நேரடியாகப் பேசலாம். அந்த வாய்ப்பை விடாதீர்கள். ஆனால் சில தலைப்புகளில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு (தொழில்நுட்பத்தை வெளிநாட்டவரோடு பகிரத் தடை) உண்டு, எச்1பி நண்பர் அந்த வேலையைத் தொட முடியாமல் போகலாம். என்.ஐ.எச்.சில் உங்கள் சொந்த யோசனையையே எழுதலாம். உங்கள் நிலையில் நான் முதலில் அங்குதான் போவேன்.

அரசு நிதி பெற நிறுவனம் செய்ய வேண்டிய சாம் (SAM.gov) பதிவை இன்றே தொடங்குங்கள், அதற்கே பல வாரங்கள் ஆகலாம்.