ஓரத்தில் நிற்பவரை எடுத்துவிடலாமா?

கேள்வி: எங்கள் தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ, பத்துக்குப் பன்னிரண்டு அங்குலம், கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். கீழ் ஓரத்தை ராமபாணம் அரித்திருக்கிறது. இப்போது வம்சாவளி தயாரிக்கிறோம். முகங்களைத் தனித்தனியாக வெட்டி, செயலியில் தெளிவாக்கி, கலரும் ஏற்றிவிடலாம் என்கிறான் மகன். கடைசி வரிசை ஓரத்தில் நிற்பவர் யாரென்றே தெரியவில்லை. அவரை எடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம் அம்மா, அவர் அங்கேயே நிற்கட்டும். எங்கள் வீட்டுப் படத்திலும் இப்படி ஒருவர் உண்டு, படம் எடுக்கும்போது அசைந்துவிட்டதால் முகம் கலங்கியிருக்கும், சமையலுக்கு வந்தவர் என்றே நினைத்திருந்தோம். ஒரு நாள் அத்தைப்பாட்டி அவர் காதில் கிடந்த கடுக்கனைப் பார்த்துவிட்டு, "இது ரங்கூன் போயிட்டு வந்த சித்தப்பாடா" என்றார். அதுவரை எங்கள் வம்சாவளியில் இல்லாத ஒரு கிளையே அன்றைக்குச் சேர்ந்தது. முகத்தைத் தெளிவாக்கும் செயலியில் அதைப் போட்டிருந்தால் கடுக்கன் மழுங்கிப்போயிருக்கும், கலங்கிய முகத்துக்குப் பதில் வேறு யாரோ ஒருவருடைய கண்ணும் மூக்கும் வந்திருக்கும், ஏனென்றால் அந்தச் செயலிகள் படத்தில் இல்லாததைத் தாமாகவே ஊகித்து வரைகின்றன. கலரும் அப்படித்தான், பாட்டி கட்டியிருப்பது அரக்கா பச்சையா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆசைக்கு ஒரு கலர் பிரதி போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வம்சாவளியில் அதை ஒட்டாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சட்டத்தைக் கழற்றும்போது படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகத்தோடு உரிந்துவரும். அப்படியே வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் நல்ல கேமராவில் எடுங்கள். ஒட்டவில்லை என்றால் 600 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக வையுங்கள். 6000-க்கு 7200 புள்ளிகள் கிடைக்கும், அரை அங்குல முகத்துக்குக்கூட 300 புள்ளி வரும். அந்தக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, வெட்டுவது, கறை நீக்குவது எல்லாம் பிரதியில்தான். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், போட்டோவாகப் போனால் சுருங்கிவிடும். அட்டையில் ஸ்டூடியோ பெயரோ ஊரோ இருந்தால் அதையும் சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

அப்புறம் பெயர்கள். பிரதியில் ஆளுக்கொரு எண் போட்டு, தனித்தாளில் இனிஷியலோடு, இன்னார் மகன், இன்னார் மகள் என்று எழுதுங்கள். வெறுமனே 'பெரியப்பா' என்று எழுதினால் உங்கள் பேரனுக்கு அது யாருடைய பெரியப்பா என்று புரியாது. தெரியாதவருக்கும் எண் உண்டு, பெயருக்கான இடத்தை மட்டும் காலியாக விடுங்கள். அசல் படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனா படவே கூடாது, முன்பக்கம் தடம் விழும்.

ஊரில் வயதானவர்கள் யாராவது இருந்தால் பெரிதாக ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு சீக்கிரம் போய்வாருங்கள். முகத்தை மட்டும் காட்டிக் கேட்காமல், காதில் கிடப்பதையும் கையில் பிடித்திருப்பதையும் தோளில் கிடக்கும் துண்டையும் காட்டிக் கேளுங்கள்.